பன்றி விரட்டும் குழாயும் குழந்தை டாக்டரும்

பிள்ளைகளே, இதை எழுதுவதற்கு முன்னால் என் மகனிடம் கேட்டேன்.

"ஒன்னயப் பத்தி எழுதட்டுமாப்பா?"

"பேரு போடக் கூடாது," என்றான்.

அதனால் இதில் யார் பேரும் வராது. நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு வாழைத் தோட்டத்துக்குள் இறங்கியவன். அழகாக எழுத வராது. நடந்ததை நடந்த வரிசையில் சொல்ல வரும்.

சின்னமனூரில் ஒரு குழந்தை டாக்டரம்மா இருக்கிறார். அவரிடம் என் மகனைத் தொடர்ந்து கூட்டிக்கொண்டு போகலாமா, கூடாதா? ஒரு வெயில்காலம் முழுக்க எங்கள் வீட்டில் இதே பேச்சுதான். மகனுக்கு மூச்சு இளைப்பு உண்டு. பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களில் மருந்து அடிக்கும் நாட்களில் அவன் நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுகிற மாதிரிச் சத்தம் கேட்கும். இந்த டாக்டரம்மாவிடம் காட்ட ஆரம்பித்த பிறகுதான் அவன் படுத்துத் தூங்கினான். அதற்கு முன்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டே தூங்குவான். இவரை விட்டால் தேனிக்குத்தான் ஓட வேண்டும். இளைக்கிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அந்த பஸ்ஸில் போவது என்ன பாடு என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

தெரிந்தும் சந்தேகப்பட்டேன். அதற்குக் காரணம் அவர் கேட்ட கேள்விகள்.

அன்றைக்கு மகனுக்குப் புகை மருந்து வைத்து முடித்திருந்தார்கள். மீன் முகம் போட்ட பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு அவன் கட்டிலில் கால் ஆட்டிக்கொண்டு இருந்தான். நான் சட்டைப் பையில் மருந்துச் சீட்டை வைத்துக்கொண்டு எழுந்தேன். டாக்டரம்மா, "கொஞ்சம் உட்காருங்க," என்றார்.

"நான் ஒரு ஆராய்ச்சி பண்றேன். இங்க வர்ற எல்லா அப்பா அம்மாகிட்டயும் சில கேள்வி கேக்கறேன். இஷ்டம் இருந்தா பதில் சொல்லுங்க, இல்லன்னா வேணாம். பேர் எழுத மாட்டேன்."

பேர் எழுத மாட்டேன் என்றதுமே எனக்கு உள்ளுக்குள் மணி அடித்தது. நம்மிடம் நல்லதுக்குக் கேட்கிறவர்கள் எல்லோரும் முதலில் பேரைத்தானே கேட்பார்கள்? ரேஷன் கடையானாலும் பேங்க் ஆனாலும் பேர், அப்பா பேர், ஆதார். பேரே வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், நம் பேர் அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது.

கேள்விகளும் அப்படித்தான் இருந்தன. பையன் மற்ற பிள்ளைகளோடு சண்டை போடுவானா? அவனை யாராவது அடிக்கிறார்களா? அவன் தப்பு செய்தால் வீட்டில் என்ன செய்வீர்கள்? நெஞ்சு இளைப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நானும் என் மனைவியும் மாறி மாறி, "அதெல்லாம் இல்லீங்க," என்றோம். கடைசியாக ஒன்று கேட்டார்.

"வீட்டுலயோ தோட்டத்துலயோ பையன் கைக்கு எட்டற மாதிரி வெட்டறது, சுடறது, வெடிக்கறது ஏதாவது இருக்கா?"

என் நினைப்பு தோட்டத்து மோட்டார் ரூமுக்கு ஓடியது.

எங்கள் தோட்டம் மேகமலையின் அடிவாரத்தில் இருக்கிறது. மலையில் இருந்து காட்டுப்பன்றி இறங்கி வரும். ஒரு கூட்டம் புகுந்தால் வாழைக் கன்றுகளை வேரோடு புரட்டிப் போட்டுவிடும். அதற்காக நாங்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு குழாய் வைத்திருந்தோம். பார்ப்பதற்குத் தண்ணீர்க் குழாய் மாதிரிதான் இருக்கும், வெடித்தால் மலையே திரும்பிப் பேசும். அது எப்படி வெடிக்கும் என்று நான் எழுதப்போவதில்லை, படிப்பது நீங்கள். குண்டு கிண்டு எதுவும் அதில் கிடையாது, சத்தம் மட்டும்தான். ஆனால் முகத்துக்குக் கிட்ட வெடித்தால் கண் போய்விடும். எங்களுடையது மோட்டார் ரூமில், ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருக்கும். ஃபாரஸ்ட்காரர்களுக்கு அந்தச் சத்தம் ஆகாது. வேட்டைக்கு வைத்திருக்கிறாயா என்று கேட்பார்கள். எங்கள் பக்கத்து ஆள் ஒருவரை அப்படி விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போனதில் இருந்து, குழாய் என்ற வார்த்தையையே நாங்கள் வெளியில் சொல்வதில்லை.

"இல்லீங்க," என்றேன்.

டாக்டரம்மா என்னைப் பார்க்கவில்லை, மகனைப் பார்த்தார். மகன் ஆட்டிக்கொண்டிருந்த காலை நிறுத்தினான்.

"நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருங்க. நான் இவன்கிட்ட தனியா பேசணும். சரியாடா கண்ணு?"

அவன் என்னைப் பார்க்காமல் தலையை ஆட்டினான். கதவு சாத்திக்கொண்டது.

வெளியே இரும்பு நாற்காலிகளில் ஆட்கள் இருந்தார்கள். கைப்பிள்ளையோடு இருந்த ஒரு வாழைக்காய் வியாபாரி என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

"கேள்வி கேட்டாகளாக்கும்?"

"ஒங்ககிட்டயுமாண்ணே?"

"இந்தப் பச்சப்புள்ளைய வச்சுக்கிட்டு இருக்கேன். வீட்டுல யாரு யார அடிப்பீகன்னு கேக்குறாக."

"என்ன சொன்னீக?"

"நான் யாரையும் அடிக்கிறதில்லன்னேன். நெசந்தான. இவ என்னய அடிக்கிறத அவக கேக்கல, நானும் சொல்லல."

அவர் மனைவி, "வீட்டுக்கு வாங்க, சொல்றேன்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கண் வாசலில் இருந்தது. அங்கே ஒரு பச்சை ஜீப் நின்றுகொண்டிருந்தது.

கதவு திறந்தது. டாக்டரம்மா என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அவன் என்ன பேசினான்னு நான் சொல்லப் போறதில்ல. ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். வெடிக்கற மாதிரி ஏதாவது இருந்தா இன்னைக்கே பூட்டி வைங்க. சாவி உங்ககிட்டதான் இருக்கணும். இருக்கா இல்லையான்னு நான் கேக்கல. பூட்டி வைங்க."

அவ்வளவுதான். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். பையன் குழாயைப் பற்றிச் சொல்லிவிட்டான். இந்த அம்மா யாரிடமோ சொல்லப் போகிறார். பூட்டி வை என்கிறாரே, எதற்கு? அவர்கள் வந்து பார்க்கும்போது அது இடம் மாறாமல் அங்கேயே இருக்க வேண்டும் என்பதற்குத்தான்.

பைக்கில் வரும்போது மகனைக் கேட்டேன்.

"என்னலே கேட்டாக?"

"சும்மா."

"எங்கிட்ட சொல்ல வேணாம்னாகளா?"

"எனக்கு இஷ்டம்னா சொல்லலாம்னாக."

"அப்பச் சொல்லு."

"இஷ்டமில்லப்பா."

பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி, "விடுங்க, வந்து பேசிக்கலாம்," என்றாள். வீட்டுக்கு வந்தும் அவன் பேசவில்லை. பெற்ற பிள்ளையிடம் எனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது, அது வெளி ஆள் ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. இளைப்பைவிட அது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

மறுநாள் டீக்கடையில் மச்சானிடம் சொன்னேன். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். அடுத்த தோட்டம் அவருடையது. அவர் கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மாப்ள, அது ஃபாரஸ்ட்டு ஆளு. எனக்கு அப்பவே தெரியும்."

"எப்படி மச்சான்?"

"வாசல்ல பச்ச ஜீப்பு நின்னுச்சா இல்லையா?"

"நின்னுச்சு."

"அந்தம்மா வீட்டுக்காரர் ரேஞ்சராம்ல. பெரியாளுகளக் கேட்டா நம்ம சொல்ல மாட்டோம். அதான் புள்ளைகளப் புடிச்சுட்டாக. ஊசி போடுற சாக்குல வீடு வீடா வேவு பாக்குறது. எவ்வளவு படிச்ச மூள பாத்தீகளா?"

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், "எம் பேத்திகிட்ட பொம்மைக்கு என்ன பேருன்னு கேட்டாகளாமப்பா," என்றார்.

"அங்கனதான் ஆரம்பிப்பாக," என்றார் மச்சான்.

வெயில் ஏறுவதற்குள் இந்தப் பேச்சு எல்லாத் தோட்டத்துக்கும் போய்விட்டது. ஆளாளுக்குக் குழாயை ஒளித்தார்கள். ஒருவர் எருக்குழியில் புதைத்தார். ஒருவர் துண்டு துண்டாக அறுத்து மாட்டுக் கொட்டகை வடிகாலுக்குப் போட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? குழாயை உரச் சாக்கில் சுற்றி, மேலே வாழை இலைக் கட்டை வைத்துக் கட்டி, பஸ் ஏறினேன். பண்ணைப்புரத்தில் என் சகலை வீடு இருக்கிறது. அவர் மனைவியும் என் மனைவியும் அக்கா தங்கை. அங்கே கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று திட்டம்.

கண்டக்டர், "என்னண்ணே இது, இலையா பைப்பா?" என்றார்.

"இலைக்குள்ள பைப்பு."

"எந்தூர்ல வெளையுது இப்படி?" என்று சொல்லிக்கொண்டே சாக்கைப் பின் படிக்குப் பக்கத்தில் நகர்த்தினார். உத்தமபாளையம் தாண்டும்வரை எனக்கு வேர்த்துக்கொண்டே இருந்தது.

இதை மனைவியிடம் சொல்லவில்லை. மகனிடமும் சொல்லவில்லை. அவனிடம் சொன்னால் அது எங்கே போகும் என்றுதான் எனக்குத் தெரியுமே.

அந்த வாரமே ஃபாரஸ்ட் ஜீப் எங்கள் ஊருக்குள் வந்தது. பன்றி அழித்த மக்காச்சோளத்துக்கு நஷ்டஈடு கேட்டு ஒருவர் மனுக் கொடுத்திருந்தாராம், அதைப் பார்க்க வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். ஆனால் யாருக்கு அது காதில் ஏறியது? "நான் சொன்னேன்ல," என்று மச்சான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். அதற்கு அப்புறம் எங்கள் ஊரில் இருந்து யாரும் டாக்டரம்மாவிடம் பிள்ளைகளைக் கூட்டிப் போகவில்லை. காய்ச்சலுக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள்.

நானும் அப்படியே விட்டிருப்பேன். அடுத்த மருந்தடிப்பில் மகனுக்கு மறுபடியும் விசில் வந்துவிட்டது. என் மனைவி என்னிடம் கேட்கவே இல்லை. அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடக்க ஆரம்பித்துவிட்டாள். நான் பைக்கை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

"மூச்சு வுடுறதுக்கு வழியக் காணோம், ஃபாரஸ்ட்டாம் ஃபாரஸ்ட்டு!"

டாக்டரம்மா ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்கவில்லை. மீன் மூடியை மாட்டினார், முதுகைத் தட்டிக் கொடுத்தார். மூச்சு சீரானதும் கேட்டார்.

"இவனோட இன்ஹேலர் எங்க? நான் கொடுத்தது தீர்ந்திருக்காதே."

என் மனைவி, "ஸ்கூல்ல தொலச்சுட்டேன்னான்," என்றாள். டாக்டரம்மா மகனை ஒரு பார்வை பார்த்தார். அவனும் அவரைப் பார்த்தான். அந்தப் பார்வையில் ஏதோ பேச்சு நடந்தது.

பிறகு என்னிடம், "அவன் ஒத்துக்கிட்டதை மட்டும் சொல்றேன். காலையில ஸ்கூல் வேன் வர்ற வரைக்கும் நீங்க அவன்கூட நில்லுங்க. கொஞ்ச நாளைக்கு. முடியுமா?" என்றார்.

"எதுக்குங்க?"

"அவன் சொல்லட்டும்."

மறுபடியும் இந்தப் பதில். வழி நெடுக யோசித்தேன். காலை நேரம் நான் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுகிற நேரம். அந்த நேரத்தில் என்னை, மெயின்ரோட்டில் வேன் வந்து நிற்கிற ஊர் விலக்கில் நிற்கச் சொல்கிறார் என்றால் தோட்டத்தில் ஆள் இருக்கக் கூடாது. ஆள் இல்லாத தோட்டத்தில் யார் புகுந்து தேடப் போகிறார்கள்? இப்படித்தான் என் புத்தி ஓடியது, சிரிக்காதீர்கள்.

சரி, நிற்கிறேன், ஆனால் அவர் சொன்ன மாதிரி நிற்க மாட்டேன் என்று முடிவு செய்தேன். விலக்கில் மூடிக் கிடக்கிற ஒரு உரக்கடை உண்டு. அதன் பக்கவாட்டுச் சந்தில் நின்றால் வேன் நிற்கிற இடமும் தெரியும், என் தோட்டத்துக்குப் போகிற வண்டிப்பாதையும் தெரியும். மறுநாள் மகனை முன்னால் நடக்கவிட்டு, நான் சுற்றிக்கொண்டு வந்து அந்தச் சந்தில் ஒளிந்தேன். பச்சை ஜீப்பைப் பிடிக்கப் போகிறேன் என்று வண்டிப்பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜீப் வரவில்லை. இந்தப் பக்கம் இருந்து குரல் வந்தது.

"ஏலே பீடி வந்துட்டான்டா!"

திரும்பிப் பார்த்தேன். பெரிய பையன்கள் மூன்று நான்கு பேர் என் மகனைச் சுற்றி நின்றார்கள். பீடி என்றது அவனைத்தான். வாயில் வைத்து இழுக்கிறான் அல்லவா, அந்த மருந்துக்கு அவர்கள் வைத்த பேர் அது.

"இன்னைக்கிப் புது பீடி கொண்டாந்திருப்பான். எடுடா."

ஒருவன் அவன் பையைப் பின்னால் இருந்து இழுத்தான். முந்தின நாள் வாங்கிய புது இன்ஹேலரை வெளியே எடுத்தான். அது இந்தக் கையில் இருந்து அந்தக் கைக்குப் பறந்தது. என் மகன் அழவில்லை. குதித்துக் குதித்துப் பிடிக்கப் பார்த்தான். குதித்ததில் இளைக்க ஆரம்பித்தான்.

"புகை விடு, தர்றேன். விடு பாப்போம். இஞ்சின் மாதிரி ஊதுது பாருடா!"

சொன்னவன் கையை ஓங்கினான், என் மகன் தலையைக் குனிந்துகொண்டான். தினமும் குனிகிறவன் குனிகிற மாதிரிக் குனிந்தான். கை ஓங்கியவன் முகத்தைப் பார்த்தேன். மச்சானின் மகன்.

நான் எதுவும் சத்தம் போடவில்லை. சந்தில் இருந்து வெளியே வந்து அவர்கள் நடுவில் போய் நின்றேன். மருமகன் முகம் வெளுத்துவிட்டது.

"சும்மா வெளாண்டோம் மாமா."

கையை நீட்டினேன். இன்ஹேலரை வைத்தான். வேன் வந்தது. என் மகன் ஏறப்போகும்போது திரும்பி, "நீங்க எங்கன இருந்து வந்தீக?" என்று கேட்டான். அவ்வளவு ஆச்சரியம் அவனுக்கு.

அன்று சாயங்காலம் மோட்டார் ரூமுக்குப் பின்னாலேயே வந்தான். நான் ஸ்டார்ட்டரைப் போட்டுவிட்டுத் திரும்பினால், பெட்டிக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

"குழாய எங்கப்பா?"

"ஒனக்கு எதுக்குலே அது?"

காலால் மண்ணைக் கிளறினான். பிறகு சொன்னான்.

"எடுக்க வந்தேன். டாக்டரம்மா எங்கிட்ட தனியாப் பேசினாகளே, அதுக்கப்புறம். வேன் நிக்கிற எடத்துக்குக் கொண்டுபோயி வெடிச்சா எல்லாரும் ஓடிருவாகன்னு. இங்கன காணோம்."

மோட்டார் மேடையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் குழாயை அவன் தூக்கிப் பிடித்தால் அதன் வாய் அவன் முகத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று மனசு தானாக அளந்து பார்த்தது. இல்லாவிட்டால் இன்னொரு பிள்ளையின் முகத்துக்கு.

"இத டாக்டரம்மாகிட்ட சொன்னியா?"

"அவுகதான் கேட்டாக, அடுத்த தடவ அடிச்சா என்ன செய்யலாம்னு இருக்கன்னு. சொல்லிட்டேன். செய்ய மாட்டேன்னு கையில அடிச்சுக் குடுன்னாக. குடுத்தேன். ஆனாலும் எடுக்க வந்தேன்."

"எங்கிட்ட ஏம்ப்பா சொல்லல?"

"மாமா மகன்னு தெரிஞ்சா நீங்களும் மாமாவும் சண்ட போடுவீகன்னு."

பிள்ளைகளே, இதில் எனக்கு இன்றைக்கும் குழப்பம் உண்டு. அவர் பூட்டி வைக்கச் சொன்னார். நான் பூட்டவில்லை. அவரை நம்பாமல் பண்ணைப்புரத்துக்குக் கடத்தினேன். நம்பி இருந்தால் ஒரு பூட்டைப் போட்டு, சாவியை ஆணியில் மாட்டி இருப்பேன். எங்கள் வீட்டு ஆணி எல்லாம் அவனுக்குத் தெரியும். ஆனால் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்காவிட்டால் குழாய் பெட்டிக்குப் பக்கத்திலேயே சாத்திக் கிடந்திருக்கும்.

அப்புறம் மச்சான் வீட்டுக்குப் போனேன். சண்டைக்குப் போகவில்லை. உள்ளதைச் சொன்னேன். அவர் கடைசி வரை கேட்கவில்லை. தாழ்வாரத்தில் கிடந்த சொட்டுநீர்க் குழாயை மடக்கிக் கையில் எடுத்துக்கொண்டு மகனைக் கூப்பிட்டார். மருமகன் உள்ளே இருந்து வந்தான். அப்பா கையைத் தூக்குவதற்கு முன்னாலேயே அவன் முழங்கை முகத்துக்கு மேலே போய்விட்டது. காலையில் என் மகன் குனிந்த அதே மாதிரி.

நான் மச்சான் கையைப் பிடித்தேன்.

"விடுங்க மாப்ள, இவன இன்னைக்கி..."

"இவன் எங்க படிச்சான்னு இப்பத்தான் தெரியுது மச்சான்."

அவர் கை தளர்ந்தது. வாசற்படியில் நின்ற அவர் மனைவி அதுவரை பேசாதவர், அப்போது பேசினார்.

"இவன் புருவத்துல தையல் போடப் போனப்ப அந்த டாக்டரம்மா கேட்டாக, யாரு அடிச்சதுன்னு. இவரு, கிணத்துப்படியில விழுந்துட்டான்னாரு. அன்னையில இருந்துதான் அவக ஃபாரஸ்ட்டு ஆளா ஆனது."

மச்சான் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். ஜீப்பு, ரேஞ்சர், வேவு என்று ஊரே நம்பிய கதையின் வேர் எங்கே இருந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் இத்தனை பேரைச் சந்தேகப்பட்டேனே, டீக்கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து அவ்வளவு அவசரப்பட்டவரைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டுவிட்டேன்.

"தப்பா நெனைக்காதீக. ஒங்க வீட்டுக்காரர் ஃபாரஸ்ட்டுலயா இருக்காரு?"

"எனக்குக் கல்யாணமே ஆகலையே," என்றார். "யார் பார்த்து வச்சாங்க?"

என் மனைவி வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நான் விடவில்லை.

"அன்னைக்கி வாசல்ல பச்ச ஜீப்பு நின்னுச்சே?"

"மேகமலை எஸ்டேட் ஜீப். அங்க லயன் வீட்டுல இருக்கற தொழிலாளிங்க பிள்ளைங்களை அதுலதான் கூட்டிட்டு வருவாங்க."

"அப்ப இந்த ஆராய்ச்சி யாருக்குங்க?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "அடிபட்டு வந்தா தையல் போட எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. அடிபடறதுக்கு முன்னாடி என்ன கேட்டா அந்த அடி விழாம இருக்கும்னு யாரும் சொல்லிக் கொடுக்கல. ஒவ்வொருத்தர்கிட்டயா கேட்டுப் பாத்துக்கிட்டு இருக்கேன். எதைக் கேட்டா பேசறாங்க, எதைக் கேட்டா எழுந்து போயிடறாங்கன்னு. உங்க ஊரே எழுந்து போயிடுச்சு. அதையும் எழுதி வச்சிருக்கேன்."

பிறகு பழைய கேள்வியை மறுபடியும் கேட்டார். வெடிக்கறது ஏதாவது இருக்கா?

"இருந்துச்சு. இப்ப இல்ல."

"எங்க போச்சு?"

சந்தேகம் அப்படி ஒரே நாளில் போய்விடுமா?

"அது ஒங்களுக்கு எதுக்குங்க?" என்றேன்.

அவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். "வேணாம், வேணாம். அவன் கைக்கு எட்டாதுல்ல? அது போதும்."

நாங்கள் வெளியே வந்தபோது இரும்பு நாற்காலியில் மச்சானின் மனைவி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மருமகன், சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு. அவர் எங்களைப் பார்த்து, "இருமலுக்கு வந்தோம்," என்றார். இருமல் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சகலை இரண்டொரு தரம் போன் போட்டு, சாக்கை எப்போது எடுத்துப் போகிறாய் என்றார். அறுத்து வடிகாலுக்குப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டேன். இப்போது தோட்டத்தைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டி இருக்கிறோம். காற்றில் ஆடினால் ஆள் நிற்கிறார்கள் என்று பன்றி நினைத்துக்கொள்ளும். சில நாள் நினைக்கிறது, சில நாள் நினைப்பதில்லை. என் மனைவியின் கல்யாணச் சேலை தவிர மீதி எல்லாம் அங்கேதான் நிற்கின்றன.

காலையில் விலக்கில் நான் நிற்கிறேன். உரக்கடைச் சந்தில் இல்லை, எல்லோரும் பார்க்கிற மாதிரி. மருமகன் தள்ளிப் போய் ஒற்றையாக நிற்கிறான். அவனைப் பார்த்தால் இப்போது எனக்குக் கோபம் வருவதில்லை, அவன் புருவத்தைத்தான் பார்க்கிறேன். ஆனாலும் அவன் கை பையை விட்டு வெளியே வரும்போதெல்லாம் என் கண் தானாக அங்கே போய்விடுகிறது.

போன வாரம் என் மகன் கேட்டான்.

"இன்னும் எம்புட்டு நாளைக்கிப்பா நிப்பீக?"

"டாக்டரம்மா போதும்னு சொல்ற வரைக்கும்."

"அவுக என்னயத்தான் சொல்லச் சொல்லியிருக்காக."

"அப்படியா? எப்பச் சொன்னாக?"

"அது எனக்கும் அவுகளுக்கும்."

"சரி. அப்ப நீ சொல்லு."

அவன் தள்ளி நின்ற அவன் மாமா மகனைப் பார்த்தான். சட்டைப் பையில் இருந்த இன்ஹேலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். வேன் வளைவில் திரும்பியது.

"இன்னுங் கொஞ்ச நாள் நில்லுங்க," என்றான்.